நடுப்பகலில் வார்த்த நீர்

மழை வழி மறந்துபோன மணல் நாடு ஒன்றை வெகு காலத்துக்கு முன்னால் மணிமார்பன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு எல்லார்மேலும் சந்தேகம். சமையற்காரர்மேல் சந்தேகம், சமையற்காரரைக் கண்காணிக்கிற காவலன்மேல் அதைவிடச் சந்தேகம்.

ஒருமுறை ஆற்றங்கரை நாட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், அங்கே வெறுங்காலோடு புல்தரையில் நடந்துபார்த்தார். திரும்பி வந்ததும், "நம் கொலுமண்டபத்துக்கு முன்னாலும் இப்படி ஒன்று வேண்டும்" என்றார். தோட்டக்காரன் சடையன் மணலோடு எருவைக் கலந்து அருகம்புல்லை நட்டான். சில மாதங்களில் பச்சை பிடித்தது. ராஜாவுக்குச் சந்தோஷம்.

அரண்மனை அதிகாரி திருமேனியாருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு தோட்டக்காரனுக்கு இவ்வளவு பாராட்டா?

"பிரபு, புல் உங்கள் கைராசியில்தான் நிற்கிறது" என்றார். "தினமும் உச்சிவேளையில் தங்கச் செம்பால் நீங்களே நீர் தெளியுங்கள். புல்லையும் கம்பளம்போல ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் அரண்மனைப் புல் என்று தெரியும்."

அன்றிலிருந்து உச்சிவேளையில் முரசு கொட்டும். ராஜா செம்போடு இறங்கி வந்து தெளிப்பார். சபையே கைகூப்பி நிற்கும். புல் பழுத்தது, பிறகு கருகியது.

"யாரோ விஷம் வைக்கிறார்கள்" என்றார் ராஜா.

"புல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பவன் யார், பிரபு?" என்றார் திருமேனியார்.

சடையனை விலங்கிட்டு இழுத்து வந்தார்கள். "உண்மையைச் சொல்" என்றார் ராஜா. சடையன் தங்கச் செம்பைப் பார்த்தான், திருமேனியாரைப் பார்த்தான், தலைகுனிந்துகொண்டான். ராஜாவின் கைதான் காரணம் என்று சபையில் சொன்னவன் தலையோடு வீடு திரும்ப முடியுமா?

"பேச மாட்டேன் என்கிறான். அமாவாசையன்று தண்ணீர்ப் பை இல்லாமல் பாலைவனத்தில் விட்டுவிடுங்கள்" என்றார் ராஜா. அங்கே போனவர் யாரும் திரும்பியதில்லை.

அமைச்சர் இளவேட்டனார் முன்னால் வந்தார். சடையனின் கண் போன திசையை அவர் கவனித்திருந்தார். சடையன் சொல்ல முடியாததைத் தானும் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"அரசே, இவன் ஒருவன்தானா, கூட்டாளி உண்டா?" என்று கேட்டார்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த கேள்வி அது.

"கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தரையை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதியைச் சுற்றி ஈச்ச ஓலைத் தட்டி கட்டி, இவனை அதற்குள் அடைப்போம். வேளாவேளைக்குச் சோறும், இவன் கேட்கிறபோது தண்ணீரும் மட்டும் கொடுப்போம். அமாவாசைவரை வேறு யாரும் உள்ளே போகக்கூடாது. மறு பாதிக்கு நீங்களும் அதிகாரியும் தவிர யாரும் வரக்கூடாது. இவன் விஷக்காரன் என்றால் இவன் பாதி சாகும், உங்கள் பாதி பிழைக்கும்."

"திருடனையே களஞ்சியத்துக்குள் விடுகிறாரே அமைச்சர்" என்று சிரித்தார் திருமேனியார். "எனக்குச் சம்மதம், பிரபு. அவன் பாதி கருகினால் அமைச்சரும் அவனோடு பாலைவனம் போகட்டும்."

"போகிறேன்" என்றார் இளவேட்டனார்.

ராஜா தன் பாதிக்கு வழக்கம்போல உச்சிவேளையில் தெளித்துவந்தார். அமாவாசை வந்தது. வெளியே இருந்த பாதி வெந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. தட்டியைப் பிரித்தார்கள். உள்ளே பச்சை, விரல் உயரத்துக்கு. ராஜா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தார். மேலே ஈரமே இல்லை, அடியில் குளிர்ந்தது.

"எப்போது நீர் விட்டாய்?"

"விடியுமுன்னே, சாமி. வேர் நனையுமட்டும் விடுவேன். அப்புறம் மிதித்த புல் எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தால்தான் மறுபடியும் விடுவேன். ஒட்ட வெட்டுவதில்லை. தன் நிழலில் தானே பிழைத்துக்கொள்ளும்."

ராஜா வெளியே வந்தார். முகம் மாறியிருந்தது. "அப்படியானால் விஷக்காரன் அந்தப் பக்கம் இருந்திருக்கிறான்."

"ஆமாம், அரசே" என்றார் அமைச்சர். "அந்தப் பக்கம் போனவர்கள் இருவர்தான்."

ராஜா மெதுவாகத் திரும்பினார். "இருவரில் ஒருவன் நான். நான் விஷம் வைக்கவில்லை."

திருமேனியார் ஓரடி பின்வாங்கினார். "பிரபு, நான் புல்லைத் தொட்டதே இல்லை."

"தொடாமல் எப்படிச் செத்தது? வாளை எடுங்கள்."

"விஷமே இல்லை, பிரபு! உச்சிவெயிலில் மேலாகத் தெளித்தால் வேர் கீழே இறங்காது, ஒட்ட வெட்டினால் வெயில் அடிவரை சுடும். சடையன் முதல் நாளே என்னிடம் சொன்னான். நான்தான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

"அதாவது, என் கைதான் கொன்றது" என்றார் ராஜா.

அமைச்சர் மேலே பறந்த பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிந்தே என்னை ஆடவிட்டாய். தெரிந்தே அவனுக்கு விலங்கு போட வைத்தாய்." ராஜா நாவிதரைக் கூப்பிட்டார். "இவன் தலைப்பாகையைக் கழற்று. தலையைக் கம்பளம்போல ஒட்ட வழி."

உச்சிவேளைக்கு முரசு கொட்டியது. கருகிய பாதியின் நடுவே மொட்டைத் தலையோடு திருமேனியார் நின்றார். ராஜா தங்கச் செம்பிலிருந்து நாலு சொட்டு தெளித்தார்.

"கைராசி எப்படி இருக்கிறது?"

"சுடுகிறது, பிரபு."

"நாளைக்கும் வந்து நில்."

செம்பை அமைச்சருக்குப் பரிசாகக் கொடுத்தார் ராஜா. அவர் அதை வாங்கிக்கொண்டு, சடையனின் விலங்குச் சாவியையும் கேட்டு வாங்கினார். புல்தரை முழுவதும் சடையன் பொறுப்பானது. சில மாதங்களில் கருகிய பாதியும் பச்சைக்குத் திரும்பியது.

ராஜா மட்டும் மாறவில்லை. புல்லுக்கு ஒரு காவலன் போட்டார், அந்தக் காவலனைக் கவனிக்க இன்னொருவனைப் போட்டார்.

"உனக்கு ஏதாவது குறை உண்டா, சடையா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒன்றுமில்லை, சாமி. காவல்காரர்கள் கொஞ்சம் புல்லை விட்டுத் தள்ளி நின்றால் போதும்."