சுயபுத்தி மாப்பிள்ளை

ஊர்ப் பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மொட்டையாபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பந்தல் போடுகிற நாலு பேர் இருந்தார்கள். கொம்பையா, தளவாய், மாடக்கண்ணு, பலவேசம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு லாரி மூங்கில், எட்டுக் கட்டுக் கயிறு, ஒரே ஒரு மூளை. அந்த மூளை கொம்பையாவிடம் இருப்பதாக மற்ற மூவரும் நம்பினார்கள். பாவம், கொம்பையாவும் நம்பினார்.

பலவேசத்துக்கு வயது நாற்பத்தொன்று. இருநூறு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர், ஒரு மணவறையிலும் உட்கார்ந்ததில்லை. கடைசியில் ஒரு பெண் அமைந்தாள். பக்கத்து டவுனில் தையல் கடை வைத்திருக்கிற பிரம்மசக்தி. பெண் பார்க்கப் போன அன்றே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா யார் என்ன சொன்னாலும் தலையாட்டித் தலையாட்டி, இருந்த வயலும் கைவிட்டுப் போச்சு. இன்னொரு தலையாட்டி பொம்மை எனக்கு வேண்டாம். சுயபுத்தி உள்ள ஆளுன்னா கட்டிக்கிடுதேன்."

பலவேசம் பலமாகத் தலையாட்டினார்.

"இதைத்தான் சொல்லுதேன்" என்றாள் பிரம்மசக்தி. "தாலி கட்டுத அன்னைக்குள்ள திருந்தலைன்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

பலவேசத்துக்கு அவளை நிஜமாகவே பிடித்திருந்தது. அவள் அதட்டினது ரொம்பவே பிடித்திருந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. "சுயபுத்தி எங்கவே கிடைக்கும்?" என்று கொம்பையாவிடம் கேட்டார். சொந்தமாக யோசிக்க வேண்டுமென்றாலும் கொம்பையாவைக் கேட்டுத்தான் பழக்கம்.

டவுன் கல்யாண மண்டபத்தில் 'உன்னை நீயே ஆள்' என்று ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. நாலு பேரும் போனார்கள். வெயில் காலத்தில் கோட்டு போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசுக்கு நீங்கதான் ராஜா! யார் சொல்லையும் கேட்கக் கூடாது! யாருக்கும் தலையாட்டக் கூடாது! எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!" என்றார். முந்நூறு பேரும் யார் சொல்லையும் கேட்க மாட்டோம் என்று அவர் சொன்னபடியே சொன்னார்கள். "புரிஞ்சவங்க தலையாட்டுங்க" என்றார். முந்நூறு தலையும் ஆடியது. கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். படித்தவர்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் மாடக்கண்ணுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"யார் சொல்லையும் கேக்கக் கூடாதுன்னு அவரு சொல்லுதாரு. அவரு சொல்லைக் கேக்கலாமா?"

நாலு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இதையே போட்டு உருட்டினார்கள். கேட்டால் கேட்ட குற்றம். கேட்காவிட்டால் பழையபடி எல்லார் சொல்லையும் கேட்க வேண்டும். தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் கொம்பையா தொண்டையைக் கனைத்தார்.

"அவரா சொன்னாரு? மைக்குல்லா சொல்லிச்சு. 'யார்' சொல்லையும் கேக்கக் கூடாது. மைக்கு யாரு கிடையாது. மைக்கு எது."

"அப்ப மைக்கு சொன்னாக் கேக்கலாமா?"

"தாராளமாக் கேக்கலாம்."

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் ஒலிபெருக்கி, திருச்செந்தூர் செல்லும் பயணிகள் உடனே ஏறவும் என்றது. ஏறினார்கள். மறுநாள்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்து, தலையாட்டாமல் இருப்பது எப்படி என்ற கேள்வி வந்தது. "மனசுக்குச் சொன்னாப் புரியுது, கழுத்துக்குப் புரிய மாட்டேங்கு" என்று பலவேசம் வருத்தப்பட்டார். மூங்கிலைப் பிளந்து, ஆளுக்கு நாலு பத்தை, கழுத்தைச் சுற்றி வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். கீழே குனிந்து பார்க்க முடியாமல் தளவாய் இரண்டு தடவை சாக்கடையில் விழுந்தார். விழுந்தாலும் தலை ஆடவில்லை என்று கொம்பையா மெச்சினார்.

ஊர் நாலு நாள் சிரித்தது. ஐந்தாம் நாள் டீக்கடைக்காரர் கழுத்தில் ஒரு பத்தை ஏறியது. அப்புறம் பால்காரர், தபால்காரர். பத்து நாளில் ஊரில் முக்கால்வாசிப் பேர் கழுத்தில் மூங்கில். யாரைப் பார்த்துக் கட்டினாய் என்று கேட்டால், "நான் யாரையும் பார்த்துக் கட்டல, எனக்காத் தோணிச்சு" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். இன்னும் கட்டாதவர்களை, சுயபுத்தி இல்லாதவர்கள் என்று ஏசவும் ஆரம்பித்தார்கள். ஊர் என்றால் இப்படித்தான், என்ன செய்ய?

கல்யாண நாள் வந்தது. தன் கல்யாணத்துக்குத் தானே பந்தல் போடுவேன் என்று பலவேசம் மற்ற மூவரோடும் விடியற்காலையிலேயே பெண் வீட்டு வாசலில் வந்து நின்றார். பந்தல் தூக்குகிறபோது கொம்பையா 'தூக்குலே!' என்று குரல் கொடுப்பதும், நாலு மூலையும் ஒன்றாக எழும்புவதும்தான் இருபது வருட வழக்கம். அன்றைக்குக் கொம்பையா வாயைத் திறக்கவில்லை. அவரவர் மனசு எப்போது சொல்கிறதோ அப்போது தூக்க வேண்டியது. தளவாயின் மனசு உடனே சொன்னது. பலவேசத்தின் மனசு கொஞ்சம் தயங்கிச் சொன்னது. மாடக்கண்ணுவின் மனசு, இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூக்கலாம் என்றது. கொம்பையாவின் மனசு ஒன்றுமே சொல்லவில்லை, அது அடுத்தவர்களுக்குச் சொல்லியே பழகியது. பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மைக் செட்டு மேல் விழுந்தது. ஒலிபெருக்கி நசுங்கிப் போனது. அதோடு அந்த நாலு பேருக்கும் புத்தி சொல்ல உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

சாய்ந்த பந்தலுக்குள் மொட்டையாபுரமே குனிய முடியாமல் தவழ்ந்து வந்து உட்கார்ந்தது. முகூர்த்தம் நெருங்கியது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்து, "கட்டுங்கோ" என்றார்.

பலவேசம் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"சாமி, நீங்க சொல்லி நான் கட்டினா அது உங்க கல்யாணமால்லா ஆயிரும்?"

ஐயர் பதறிப் போய் இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தார். கூட்டம் முழுக்க, "கட்டுவே, கட்டுவே" என்று கத்தியது. பலவேசத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"எம் மனசும் காலையில இருந்து கட்டு கட்டுன்னுதான் சொல்லுது. அது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் வேற யாராவது முந்திக்கிடுதாவ. இப்ப இது எம் மனசு சொன்னதா, நீங்க சொன்னதான்னு எப்படிவே கண்டுபிடிக்க?"

"நியாயம்தான்" என்றார் கொம்பையா. "எல்லாரும் வாயை மூடுங்க. மாப்பிள்ளை மனசு தனியாப் பேசட்டும்."

அவர் சொன்னதும் எல்லாரும் வாயை மூடினார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். பிரம்மசக்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசு பேசிவிட்டது போலிருக்கிறது, பலவேசத்தின் முகம் மலர்ந்தது. தாலியைத் தூக்கி அவள் கழுத்தருகே கொண்டு போனார். அதைப் பார்த்த பெண்ணின் அப்பா சிவனணைந்தபெருமாள் சந்தோஷம் தாங்காமல், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கூவினார்.

பலவேசம் தாலியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"மாமா 'கெட்டு'ன்னு சொல்லிட்டாவ. கெட்டுன்னாலும் கட்டுன்னாலும் ஒண்ணுதான."

முகூர்த்தம் முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது. பிரம்மசக்திக்குப் பொறுக்கவில்லை. அவர் மாலையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்! யார் சொன்னாலும் கட்டாதீங்க! அந்தத் தாலியைத் தொடவே தொடாதீங்க!"

பலவேசம் அவளையே பார்த்தார். அவள் கட்டாதே என்கிறாள். அவள் சொல்லைக் கேட்கலாமா? கூடாது. அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? நாற்பத்தொரு வருடத்தில் அவர் முதன்முதலாகச் சொந்தமாகப் போட்ட கணக்கு அதுதான். சட்டென்று தாலியை எடுத்து மூன்று முடிச்சையும் தானே போட்டுவிட்டார். நாத்தனார் முடிச்சுக்குக் கை நீட்டிய அவருடைய அக்கா நீட்டியபடியே நின்றாள்.

"யார் சொல்லையும் கேக்கல, பாத்தியா?" என்றார் பெருமையாக. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கொஞ்சம் வந்தது. இத்தனைக்கும் பிறகு மனுஷன் கட்டினாரே என்று இருந்தது.

ஊர்க்காரர்கள் இதை வாய் பிளந்து பார்த்தார்கள். சுயபுத்தி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் தோன்றியது.

பந்தியில் நானூறு இலை போட்டு, இலைக்கொரு கிண்ணம் பாயசமும் வைத்தாயிற்று. சாம்பார் மணக்கிறது. சிவனணைந்தபெருமாள் வாசலில் போய் நின்று, பெண்ணைப் பெற்றவர் எல்லாரும் சொல்வதைக் கைகூப்பிச் சொன்னார்.

"யாரும் சாப்பிடாமப் போயிராதீங்க!"

மொட்டையாபுரம் மொத்தமும் எழுந்தது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, வரிசையாக, ஒருவர் பின்னால் ஒருவராக, சாப்பிடாமல் வெளியே போனது. கொம்பையா முன்னால் நடந்தார். பசியில் தளவாய்க்கு வயிறு கத்தியது. அதன் சொல்லையும் அவர் கேட்கவில்லை. மாடக்கண்ணு போனார். கடைசியில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் எழுந்து போனார்.

சமையல்காரர் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். சிவனணைந்தபெருமாள் வழக்கம்போல் தலையாட்டிக்கொண்டு நின்றார். பிரம்மசக்தி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"போங்க! அப்படியே போங்க! ஒருத்தரும் திரும்பி வந்துராதீங்க! வந்தாலும் பாயசத்துல கை வச்சிராதீங்க!"

நானூறு பேரும் டக்கென்று திரும்பினார்கள். பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள். நானூறு கையும் ஒன்றாக நீண்டு, மணிக்கட்டு வரைக்கும் பாயசத்துக்குள் போனது.