பானட்டைத் திறந்தால் ஓடும் வண்டி

ஏரல் பக்கம் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு எலக்ட்ரீஷியன் என்றால் ஜெசிந்தாதான். பேச்சிமுத்து அவளைவிட வயதில் மூத்தவர். பாதி ஆயுளை லாரி ஷெட்டில் டீசல் என்ஜின்களோடு கழித்துவிட்டு, வயரிங் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்தவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைக் குருவே என்பார். ஆரம்பத்தில் கேலியாகத்தான் சொன்னார். பிறகு அந்தக் கேலி எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் சமையல் கான்ட்ராக்டர் ஆவுடையப்பன் தன் பழைய வேனை அவள் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நேத்தும் நடுரோட்டுல நின்னுட்டும்மா. நானேதான் ஓட்டிட்டுப் போனேன். சாவியத் திருப்புனா சுத்துது, பிடிக்க மாட்டேங்கு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது."

சொல்லும்போதே அவர் பேச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார். பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் துடைத்தார்.

போன சித்திரை வரை அந்த வேனை ஓட்டியது பேச்சிமுத்துவின் தங்கை புருஷன் பலவேசம். அப்போதும் வேன் இப்படித்தான் வழியில் நிற்கும். பலவேசம் போன் செய்வார். பேச்சிமுத்து பைக்கில் போய் இறங்குவார். போனதும் சாவியைத் திருப்புவார். வண்டி சமத்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். சில சமயம் திறந்து கிடக்கும் பானட்டுக்குள், பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் இக்னிஷன் காயில் மேல் ஈரத்துணி சுற்றியிருக்கும்.

"என்ன மாப்ள, பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்று சிரிப்பார் பேச்சிமுத்து.

"நெசமாவே நின்னுச்சு மச்சான்" என்பார் பலவேசம்.

ஒரு கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் பசியோடு எழுந்து போய்விட்டார்கள். ஆவுடையப்பன் கொதித்துப்போய் பேச்சிமுத்துவிடம் கேட்டார்: "நீ மெக்கானிக்கு, நீ சொல்லு. கோளாறு வண்டிலயா, ஆளுலயா?"

"வண்டில ஒண்ணும் இல்ல" என்றார் பேச்சிமுத்து.

அந்த ஒரு வார்த்தையில் பலவேசத்தின் வேலை போயிற்று. வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிற ஆள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பிறகு அந்தப் பக்கத்தில் ஒருவரும் அவரை நம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய் ஒரு மில் வாசலில் காவல் இருக்கிறார். இந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தங்கை பிறந்த வீட்டுக்கு வரவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய வண்டி உள்ளே வந்தால், வந்தவரை வாங்க என்று சொல்வதற்கு முன்னால் பானட்டைத் தூக்கிவிடுவார்கள். பேச்சிமுத்துவும் தூக்கினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பாயின்டைத் தேய்த்துப் பார்த்தார். பிளக் வயரை என்ஜின் பக்கம் பிடித்து சாவியைத் திருப்பச் சொன்னார். நீலமாகத் தீப்பொறி பாய்ந்தது.

"எல்லாம் சுத்தமா இருக்கு குருவே. ஒரு குறையும் இல்ல."

குரலில் நிம்மதி தெரிந்தது. கோளாறு என்று ஒன்று கிடைத்துவிட்டால் சித்திரையில் தான் சொன்னது பொய்யாகிவிடும். அது கிடைக்காமலே போகட்டும் என்றுதான் அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார், பாவம்.

ஜெசிந்தா வந்து வயரைத் திரும்பப் பொருத்தினாள்.

"பாக்கும்போது இல்லாத கோளாறை எப்படிப் பிடிக்க குருவே?" என்று கேட்டார் அவர்.

"பானட்டை மூடுங்க."

"மூடிட்டு?"

"ஓட்டுங்க. நானும் வாரேன்."

உச்சி வெயிலில் கிளம்பினார்கள். பின்னால் காலி அண்டாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. வாழைத் தோட்டங்களைத் தாண்டி, நிழலே இல்லாத ரோட்டுக்கு வந்த பிறகும் வேன் நன்றாகத்தான் ஓடியது. பேச்சிமுத்துவுக்குச் சிரிப்புகூட வந்தது.

வேன் ஒரு உதறு உதறியது. இன்னொரு உதறு. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஓரம் கட்டுவதற்குள் என்ஜின் செத்துப்போனதால், பாதி வண்டி ரோட்டிலேயே கிடந்தது.

பேச்சிமுத்து கதவைத் திறந்தார்.

"எங்கண்ணே போறிய?"

"பானட்டைத் திறக்க."

"மூடியே கெடக்கட்டும். செத்த நேரம் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அடுத்து வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், பொறப்படும்போதே பாக்க மாட்டியா? இங்கதான் நிறுத்தணுமா?"

"நிறுத்தலைங்க, நின்னுட்டு" என்றார் பேச்சிமுத்து.

"ஆமா, அதுவா நிக்கும்! ஆளப் பாரு!"

பஸ் போய்விட்டது. பேச்சிமுத்துவின் காதுமடல் சிவந்துவிட்டது. நெசமாவே நின்னுச்சு என்று அந்த ஆளின் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"இப்ப வாங்க, சட்டுனு" என்றாள் ஜெசிந்தா.

பானட்டைத் தூக்கிய கையோடு அவள் வயரைப் பிடுங்கி என்ஜின் ஓரம் பிடித்தாள். பேச்சிமுத்து சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது. தீப்பொறி இல்லை.

"இதத் தொட்டுப் பாருங்க."

அவர் வந்து காயிலைத் தொட்டார். சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார்.

பானட்டை அப்படியே திறந்துவைத்துவிட்டு இருவரும் நின்றார்கள். காற்று வீசியது. காயில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஜெசிந்தா தானே போய் சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

"சூடு ஏறுனா காயிலுக்குள்ள கம்பி விட்டுப்போவுது. ஆறுனா சேந்துக்குது" என்றாள்.

பேச்சிமுத்து ஓடுகிற என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, பானட்டைத் திறந்துட்டுத்தான் அவன் எனக்குப் போன் போட்டிருப்பான். நான் பைக்குல போய்ச் சேருததுக்குள்ள..."

"ஆறியிருக்கும்."

"அந்த ஈரத்துணி?"

"சீக்கிரம் ஆறட்டும்னு போட்டிருப்பாரு. சோறு போய்ச் சேரணும்லா."

அவர் பம்பரில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தடவைகூட வண்டியில் ஏறி, மாப்ள நீ ஓட்டு, நானும் வாரேன் என்று சொல்லவில்லையே என்று நினைத்தார். அந்த நினைப்பு தாங்கவில்லை.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே குருவே" என்றார்.

"நீங்க கேக்கலியேண்ணே. வண்டில ஒண்ணும் இல்லன்னு பட்டறைல வந்து சொன்னிய. நானும் சரின்னு விட்டுட்டேன். எனக்கும் அது உறுத்தத்தான் செய்யுது."

பிறகு பேச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பலவேசத்தின் பெயரைத் தேடி அமுக்கிவிட்டுக் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது.

"என்ன சொல்லப் போறிய?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"கோளாறு கெடச்சிட்டு, காயில்தான்னு சொல்லணும்லா. வண்டி நெசமாவே நின்னுச்சுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?"

ஜெசிந்தா பானட்டை இறக்கி மூடினாள்.

"அது அவருக்குத் தெரியும்ணே."

மறுமுனையில் மணி நின்றது.

"ஹலோ, மச்சானா? சொல்லுங்க" என்றது குரல்.

"நான்தான் உன்ன நம்பாமப் போயிட்டேன் மாப்ள" என்றார் பேச்சிமுத்து.