ஆமை காவல் காத்த மேடு

காட்டுக்குள்ளே ஓர் ஆறு ஓடிற்று. நேராக ஓடினால் மரியாதைக் குறைவு என்று நினைத்ததோ என்னவோ, ஓரிடத்தில் பெரிய வளைவு போட்டுச் சுற்றிக்கொண்டு, வளையத் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்தது. போகிற தண்ணீருக்கும் வருகிற தண்ணீருக்கும் நடுவே ஒடுங்கலாக ஒரு மேடு நின்றது. வேம்பாயி என்கிற ஆமை அந்த மேட்டில்தான் குழி பறித்து முட்டையிட்டிருந்தாள்.

வேம்பாயி யாரையும் நம்ப மாட்டாள். கொக்கு சும்மா நின்றாலும், "இது எதுக்கு இங்கே நிக்குது?" என்று ஓட்டுக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். போன வருஷம் இட்ட முட்டைகளைக் கீரி தின்றுவிட்டது. பாவம், பயப்படாமல் என்ன செய்வாள்?

ஒரு நாள் காலையில் மேட்டின் ஓரம் கொஞ்சம் சரிந்து கிடந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். சரிந்த மண்ணிலே நண்டு வளை ஒன்று பாதி தெரிந்தது. அவ்வளவுதான்!

"டேய் நண்டு! வெளியே வாடா!"

கொடுக்கன் என்கிற நண்டு பக்கவாட்டில் நகர்ந்து வந்தான்.

"என்னக்கா?"

"என் முட்டைக்கு அடியிலே சுரங்கமா தோண்டுறே?"

"ஐயோ, என் வளையே இடிஞ்சு கிடக்கு, பாருங்க! ஆறுதான் அக்கா மண்ணைத் தின்னுது. அந்தப் பக்கமும் தண்ணி வேகமா மோதுது, இந்தப் பக்கமும் மோதுது. நடுவிலே மேடு இளைச்சுக்கிட்டே வருது. முட்டைகளை அக்கரைக்கு மாத்திடுங்க. நானும் தூக்க வர்றேன்!"

"நீயா! என் முட்டையைத் தூக்க நீயா! நல்லா இருக்குடா உன் யோசனை! நான் பிறந்த ஆறு என்னை மோசம் பண்ணுமா? முதல்லே நீ இடத்தைக் காலி பண்ணு!"

கொடுக்கன் அக்கரைக்குப் போய்விட்டான். மண் சரிவது நின்றதா? இல்லை. நண்டே இல்லாத மேட்டில் மண் எப்படிச் சரிகிறது என்று வேம்பாயி ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தாள்! "கள்ளப் பயல், நான் கண் அசரும்போது வந்து தோண்டுறான்" என்று கறுவினாள். கொடுக்கன் இருந்த கரையைப் பார்த்தபடி முட்டைக் குழிமேல் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் ஆறு மேட்டை அறுத்துக்கொண்டே இருந்தது.

மழை பிடித்தது. செந்தண்ணீர் புரண்டு வந்தது. அக்கரையிலிருந்து கொடுக்கன் கத்தினான்.

"அக்கா! பின்னாலே பாருங்க! மேடு பிளக்குது!"

"நான் திரும்பணும், நீ வந்து முட்டையை அள்ளணும். அதானே? போடா!"

"சத்தியமா சொல்றேன் அக்கா! திரும்புங்க!"

"மாட்டேன்!"

மேடு பிளந்தது. ஆறு குறுக்கே பாய்ந்தது. வேம்பாயி உருண்டு பழைய வளைவில் விழுந்தாள். தலையை நீட்டிப் பார்த்தபோது மேடும் இல்லை, முட்டையும் இல்லை.

"ஐயோ, என் கண்ணுகளா!" என்று கதறினாள்.

வெள்ளம் வடிந்தது. குறுக்குவழி கண்ட ஆறு பழைய வளைவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போகிற போக்கில் அதன் இரண்டு வாயையும் வண்டல் போட்டு அடைத்துவிட்டது. வளைவு பிறை வடிவத்தில் ஒரு குளமாகத் தனித்து நின்றது. அதன் கரையில் கிடந்த வேம்பாயியின் பக்கத்தில் கொடுக்கன் வந்து உட்கார்ந்தான். "நான் சொன்னேனே" என்று அவன் சொல்லவில்லை. அதுவே வேம்பாயிக்குச் சுருக்கென்று தைத்தது.

மறு வருஷம் முட்டையிடும் காலம் வந்தது.

"தம்பி, எந்த இடம் இடியாம நிக்கும்? நீயே பார்த்துச் சொல்லு" என்றாள் வேம்பாயி.

கொடுக்கன் ஓர் இடம் காட்டினான். அங்கே முட்டையிட்டு மூடினாள். அவனையே காவலுக்கு வைத்துவிட்டு இரை தேடப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தில் இருப்பவனையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால், முதுகுக்குப் பின்னால் வருகிற ஆபத்து கண்ணில் படாது.