வலது கைப்பக்கம் மலை

குரு என்றால் ஆசிரமம் இருக்கும், ஆலமரம் இருக்கும் என்று நினைப்போம். இந்தக் குருவுக்கு இருந்தது உடுமலைப் பக்கம் ஒரு மொட்டைக் கரடு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் அவர் ஊருக்குள் பல் டாக்டர். பெயர் பூங்கோதை.

ஆடி மாதம் கணவாய் வழியாக வரும் காற்று அந்தக் கரட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலே எழும்பும். அந்தக் காற்றில் இன்ஜின் இல்லாத கிளைடர்களை ரிமோட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பறக்கவிடலாம். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் என்ன அகலமோ, அந்த அகலத்துக்கு அவற்றின் இறக்கை இருக்கும். நாங்கள் கொஞ்சம் பேர் அதற்காகவே வாராவாரம் கரடு ஏறுவோம். எங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர் பூங்கோதைதான். குரு என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் அப்படிக் கூப்பிடுவோம்.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் நாச்சிமுத்து. குருவைவிடவும் நன்றாக மூத்தவர். டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்ந்தவர். வாழ்நாள் முழுக்க இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குத் தன் காலடியில் ஒரு பிரேக் வைத்திருந்தவர். விதி என்று அவர் பேச ஆரம்பித்தால் எந்த பிரேக்காலும் நிறுத்த முடியாது.

அன்று அவர் ஒடிந்த இறக்கையோடு குருவிடம் வந்தார். அவருடைய கிளைடரும் மோகனசுந்தரத்தின் கிளைடரும் அப்போதுதான் வானத்தில் முட்டி விழுந்திருந்தன.

"டாக்டரம்மா, ரெண்டு பிளேன் எதிரெதிரா வந்தா வழி யாருக்குங்க?"

குரு தன் கிளைடரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மலை யாருக்கு வலது கைப்பக்கம் இருக்குதோ, அவங்களுக்கு."

"ஏன்?"

"உங்களுக்கே தெரியுமுங்ணா."

"நீங்க சொல்லுங்க. இவிங்க எல்லாரும் கேக்கட்டும்."

குரு பெருமூச்சு விட்டார். "மலை வலது பக்கம் இருக்கறவரு ஒதுங்குனா பாறையிலதான் முட்டோணும். எதிர்ல வர்றவருக்கு வெளியே வானமே கெடக்குது. அதனால அவருதான் ஒதுங்கோணும்."

"எனக்கு மலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"வலது பக்கம்."

"மோகனசுந்தரம் ஒதுங்குனாரா?"

"இல்லை."

"அப்ப நான் சொல்றது சரிதானுங்களே?"

"சரிதானுங்ணா."

நாச்சிமுத்து ஒடிந்த இறக்கையை குருவின் மடியில் வைத்தார். "அப்ப இதுக்கு என்ன சொல்றீங்க?"

"இதை ஒட்டோணும்," என்றார் குரு.

பையிலிருந்து பசையும் ஒரு சுருள் சிவப்பு டேப்பும் எடுத்துக் கொடுத்தார். "உங்களுது ஒட்டி முடிச்சதும் டேப்பை மோகனுக்குக் குடுங்க. அவருக்கும் இறக்கை போச்சு."

நாச்சிமுத்து கேட்டு வந்தது தீர்ப்பு. கிடைத்தது டேப். ஒட்டி முடித்ததும் அந்தச் சுருளைக் கையில் கொடுக்க மனம் வராமல், மோகனசுந்தரம் உட்கார்ந்திருந்த திசையில் தரையில் உருட்டிவிட்டார். மோகனசுந்தரம் கிரைண்டர் கடை வைத்திருப்பவர். அவர் காலடியில் சுருள் போய் நின்றது.

"சூரியன் கண்ணுல அடிச்சுதுங்ணா," என்றார் அவர்.

"சூரியன் எனக்கும்தான் அடிச்சுது," என்றார் நாச்சிமுத்து, குருவைப் பார்த்துக்கொண்டே.

அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கரட்டின் உச்சியில் சுண்ணாம்பு அடித்த இரண்டு கற்கள் உண்டு. பறக்கவிடுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கற்களுக்கு நடுவில், தோளோடு தோளாக நிற்க வேண்டும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எறியும்போது "எறியறேன்". திருப்பும்போது "திரும்பறேன்". இறக்கும்போது "உள்ள வர்றேன்". கீழே சரிவில் யாராவது நடமாடினால், முதலில் பார்ப்பவர் "கீழ ஆள்" என்று கத்த வேண்டும். குரு வேறு எதிலும் கண்டிப்பு காட்டியதில்லை. இதில் மட்டும் விடமாட்டார்.

கீழே ஆள் என்றால் பெரும்பாலும் மாராத்தா. சரிவில் ஆடு மேய்க்கிறவர். எங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பெரிய மனுசங்க பொம்மை வைத்து விளையாடுவதாகத் திட்டுவார். காற்று மேல்நோக்கி அடிப்பதால் அவர் திட்டுவது ஒரு சொல் விடாமல் உச்சிக்கு வந்துவிடும். நாங்கள் மன்னிப்புக் கேட்டால் கீழே போய்ச் சேராது.

முட்டல் நடந்ததற்குப் பிறகு நாச்சிமுத்து கற்களுக்கு நடுவில் நிற்பதை நிறுத்தினார். தெற்கே தள்ளி ஒரு வேலமரத்தடிக்குப் போனார். அதைப் பார்த்து ரோஷம் வந்து மோகனசுந்தரம் வடக்கே ஒரு பாறைமேல் ஏறிக்கொண்டார். இருவரும் முறைப்படி "திரும்பறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கும் கேட்கவில்லை. நடுவில் நின்ற எங்களுக்கு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது.

குரு வேலமரத்தடிக்குப் போனார். "கல்லுக்கு நடுவுல வாங்ணா."

"அவரு வரட்டும். வர்றேன்."

பாறைக்குப் போனார். "மோகன், நடுவுல வந்து நில்லுங்க."

"அவரு முதல்ல வரட்டுங்க."

திரும்பி வந்த குரு தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். "வாரம் பூரா வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பேச முடியாதவங்களோட மாரடிக்கறேன். ஞாயித்துக்கெழமையாவது நிம்மதியா இருக்கலாம்னு இங்க வந்தா, பேச முடிஞ்சவங்க வாயைத் தொறக்க மாட்டேங்கறாங்க."

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் நாச்சிமுத்து ஒரு புகாரோடு வந்தார். மோகனசுந்தரம் மலைப் பக்கமாகத் திருப்பினார். மோகனசுந்தரம் சொல்லாமல் இறக்கினார். மோகனசுந்தரம் குறுக்கே வந்தார். எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரே கேள்வி. "நான் சொல்றது சரிதானுங்களே?"

"சரிதானுங்ணா," என்பார் குரு.

ஒரு வாரம் நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "எத்தனை தடவைதான் சரிதான் சரிதான்னு சொல்லுவீங்க?"

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே. நான் என்ன பண்ணட்டும்?"

அடுத்த ஞாயிறு அவர் முடிவோடு வந்தார்.

"இன்னைக்கு என் பக்கத்துல நில்லுங்க, டாக்டரம்மா. உங்க கண்ணால பாருங்க. பாத்துட்டு மோகனசுந்தரத்தை இனிமேல் கரட்டுக்கு வர வேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க. சொல்ல மனசில்லைன்னா விடுங்க, நான் வர்றதை நிறுத்திக்கறேன்."

எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. டிரைவிங் ஸ்கூலை விற்ற பிறகு அந்த மனிதருக்கு இருந்தது இது ஒன்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவருக்கு வேறு கிழமை இல்லை.

"சரி, காட்டுங்க," என்றார் குரு. வேலமரத்தடிக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றார். நாங்களும் கற்களை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனோம்.

இரண்டு கிளைடர்களும் மேலே போயின. இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் இறக்கையில் ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரே சுருளிலிருந்து கிழித்த சிவப்பு டேப்.

"பாருங்க, திரும்பறாரு. சொன்னாரா?"

"சொல்லியிருப்பாரு. கேக்கலை."

"பாருங்க பாருங்க, மலைப் பக்கமா திருப்பறாரு! அந்தப் பாறையில அடிச்சா என்ன ஆகும்?"

"பாத்துட்டேன்."

"இப்ப என் குறுக்க வருவாரு பாருங்க. வருவாரு... வந்தாரா?"

இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குறுக்கே கடந்தன. நாச்சிமுத்து மோவாயால் காட்டிக்கொண்டே இருந்தார். குருவும் அந்த மோவாய் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நாச்சிமுத்து பேச்சை நிறுத்தினார். ரிமோட்டின் குச்சியை வலது பக்கம் தள்ளினார். மேலே கிளைடர் நேராகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் தள்ளினார். அது நிதானமாக இடது பக்கம் திரும்பியது.

"ஏனுங்க, இது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"ரிமோட்டை மேல தூக்கிப் புடிங்க," என்றார் குரு.

தூக்கிப் பிடித்தார். குச்சிகளை அப்படியும் இப்படியும் ஆட்டினார். "ரிமோட் போச்சு! டாக்டரம்மா, ரிமோட் வேலை செய்யலை!"

ரிமோட்டுக்கு ஒன்றுமில்லை. அவர் ஆட்டிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவருடைய கிளைடர் ஒழுங்காகக் கீழ்ப்படிந்துகொண்டுதான் இருந்தது. சரிவில், வெகு கீழே, எங்களில் ஒருவரும் பார்க்காத இடத்தில். அங்கே மாராத்தா ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். "கீழ ஆள்" என்று கத்த வேண்டிய நாங்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு ரிமோட்டுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பார்த்தவர் மோகனசுந்தரம். பாறைமேல் நின்று கத்தினார். காற்று அந்தக் குரலைக் கொண்டுபோனது. மறுபடியும் கத்திப் பார்த்தார். பிறகு ரிமோட் கழுத்தில் தொங்க, பாறையிலிருந்து குதித்து, சுண்ணாம்புக் கற்களைத் தாண்டி, எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து நாச்சிமுத்துவின் தோளை ஒட்டி நின்றார்.

"அண்ணா, நீங்க பாக்கறது என்னோடது! உங்களுது கீழ!"

"எங்க? எங்க?"

"தேடாதீங்க. நான் சொல்றதைச் செய்யுங்க. ரெண்டு குச்சியையும் விடுங்க. விடுங்கண்ணா! இப்ப மேல இழுங்க. மெதுவா. இடது. இன்னும் இடது. இன்னும். அப்படியே வெச்சிருங்க..."

"கீழ ஆள்!" என்று குரு கத்தினார். அது கீழே போய்ச் சேரவில்லை.

கிளைடர் மாராத்தாவின் தலைக்கு மேல் சேலைத் தலைப்பு பறக்கிற உயரத்தில் விர்ரென்று போனது. ஆடுகள் நாலா பக்கமும் சிதறின. மாராத்தா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். கிளைடர் வெளியே திரும்பி, காற்றில் ஏறி, எங்கள் கண்ணுக்கு நேராக மேலே வந்தது. இறக்கையில் சிவப்பு டேப்.

"இப்ப தெரியுதுங்களா?" என்றார் மோகனசுந்தரம்.

"தெரியுது," என்றார் நாச்சிமுத்து.

"உள்ள வர்றேன்னு சொல்லிட்டு இறக்குங்க."

"உள்ள வர்றேன்," என்று நாச்சிமுத்து சொன்னார். இத்தனை வாரத்துக்குப் பிறகு அந்தச் சொல் இப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. கிளைடர் புல்லில் வந்து படுத்தது. ஒரு கீறல் இல்லை.

அப்போதுதான் வடக்கே, பாறைக்குப் பின்னால், அட்டைப்பெட்டியை மிதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யாரும் பார்த்துக்கொள்ளாத மோகனசுந்தரத்தின் கிளைடர் சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் போய் விழுந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டு வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு சரிவில் இறங்கினார்.

நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்தார். குருவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் நீங்க காட்டுன பக்கமே பாத்துட்டு நின்னுட்டேன்," என்றார்.

கீழே மாராத்தா எழுந்து சேலையை உதறினார். பிறகு ஆரம்பித்தார். "எந்த எடுபட்டவன்டா அது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று தொடங்கி, ஒவ்வோர் ஆட்டின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, நடுநடுவே எங்கள் ஒவ்வொருவரின் பிறப்பையும் விசாரித்தார். காற்று அத்தனையையும் மேலே கொண்டுவந்தது.

நாச்சிமுத்து தன் கிளைடரின் இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். புதருக்குள் மோகனசுந்தரம் முள்ளை விலக்குவது மேலிருந்து தெரிந்தது.

"டாக்டரம்மா."

"சொல்லுங்ணா."

"பறக்கவிட்டுட்டு இருக்கறப்ப தன்னோட பிளேனைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

"ஆமாங்ணா."

"மோகனசுந்தரம் எடுத்தாரு."

"எடுத்தாரு."

"ரிமோட்டைக் கழுத்துல தொங்கவிட்டுட்டு ஓடியும் வந்தாரு." நாச்சிமுத்துவின் குரல் எப்போதும் போல இல்லை. உள்ளே போயிருந்தது. கேட்கிறாரா, இல்லை பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. "விதிப்படி பாத்தா அது தப்புதானுங்களே?"

கடிக்க வேண்டாம் என்று சொன்ன பிறகும் விரலைக் கடித்துவிட்ட நோயாளியைப் பார்ப்பதுபோல குரு அவரைப் பார்த்தார். கீழே மாராத்தா எங்கள் தாத்தாக்கள் வரைக்கும் போயிருந்தார்.

"தப்புதானுங்ணா," என்றார் குரு. "அந்தத் தப்பு நடந்ததாலதான் மாராத்தாக்கா இன்னும் திட்டிட்டு இருக்கறாங்க. பேசாம உக்காந்து கேளுங்க."