தாய்மாமன் கேட்ட பரோல்

சடையாண்டிக்கு நடந்தது அநியாயம். தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அவளுக்கோ இவனை விட்டால் வேறு அண்ணன் தம்பி கிடையாது. திருட்டு வழக்குகளில் நீண்ட தண்டனை பெற்று, வருஷக்கணக்காக ஒரு வம்புதும்பு இல்லாமல் இருந்தவன் மூன்று நாள் பரோல் கேட்டான். சிறைக் கண்காணிப்பாளர் துரைசிங்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“திரும்பத் திரும்பத் திருடிட்டு உள்ளே வந்தவன் நீ. வெளியே விட்டா ஒழுங்கா வந்து சேருவேன்னு என்னடா அத்தாட்சி? அதைக் காட்டு, அப்புறம் பாக்கலாம்.”

வெளியே விடவும் மாட்டாராம், திரும்பி வருவதற்கு அத்தாட்சியும் வேண்டுமாம்! இது எந்த ஊர் நியாயம்? சடையாண்டி அசரவில்லை. “காட்டுறேங்கய்யா” என்றான்.

மறுநாள் டிஐஜி அம்மா சோதனைக்கு வந்தார். சடையாண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அவரும் துரைசிங்கமும் அவன் அறைக்குள் போனார்கள். காவலர் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார். பதறிப்போய்த் திறக்கப் பார்த்தால், சாவி பூட்டுக்குள்ளேயே ஒடிந்தது.

“டேய் சடையாண்டி, திறடா!” என்று கம்பிக்குள்ளிருந்து கத்தினார் துரைசிங்கம்.

“பூட்டைத் தொட்டா இன்னொரு கேஸ் போடமாட்டீங்களேய்யா?”

“போடலடா, திற!”

வாளிக் கம்பியை வளைத்து, ஒடிந்த துண்டை நெம்பி எடுத்துவிட்டுப் பூட்டுக்குள் விட்டான். கண்மூடித் திறப்பதற்குள் பூட்டு திறந்துகொண்டது.

வெளியே வந்ததும் வராததுமாக, “பாத்தீங்களா மேடம்? இவனை நம்பிப் பரோல் குடுக்கறதா?” என்றார் துரைசிங்கம்.

டிஐஜி திரும்பினார். “நீ என்னப்பா சொல்றே?”

“அம்மா, இது என் அறைப் பூட்டு. இத்தனை வருஷமும் ராத்திரி நான் உள்ளேதாம்மா படுத்திருந்தேன்.”