கொம்பி வாசலை அடைத்த நாள்

அந்தக் காலத்தில், மிருகமும் பறவையும் ஒரே பாஷை பேசித் திரிந்தபோது, கூவைமலையில் கொம்பி என்றொரு இருவாச்சிப் பெண் இருந்தாள். அலகுக்கு மேல் இன்னொரு அலகு வைத்தது போல மஞ்சள் கொம்பு அவளுக்கு. சிறகடித்துக் கிளம்பினால் ஓடைக்கு அந்தப் பக்கம் வரை காற்று இரையும். அவள் புருஷன் பேர் முழக்கன். அவன் குரல் கொடுத்தால் மலை திரும்பக் குரல் கொடுக்கும். அதில் அவனுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்.

அப்போதெல்லாம் இருவாச்சிகளும் மற்றப் பறவைகளைப் போலத்தான் குடும்பம் நடத்தின. மரப்பொந்தில் முட்டையிடுவார்கள். பொந்தின் வாசல் திறந்தே கிடக்கும். புருஷனும் பெண்சாதியும் மாறி மாறிப் போய் இரை தேடி வருவார்கள்.

ஒரு கோடையில் மூங்கிலோடு மூங்கில் உரசி மலை பற்றிக்கொண்டது. மேட்டில் பிடித்த தீ பள்ளம் வரை இறங்கி, தின்ன ஒன்றும் இல்லாமல்தான் அணைந்தது. ஓடைப் பாறைக்குப் பின்னால் ஒண்டி நின்ற ஒரே ஒரு குங்கிலிய மரம் தப்பியது. கொம்பியின் பொந்து அதில்தான் இருந்தது.

மழை வந்து சாம்பலைக் கழுவிக்கொண்டு போனதும், மிச்சமிருந்தவர்கள் வழுக்குப் பாறையில் கூடினார்கள். மொட்டை மலையில் என்ன மரம் வைப்பது என்று பேச்சு. கொம்பி கூட்டத்துக்குச் சும்மா வரவில்லை. தீ தொடாத அக்கரை மலைக்குப் பறந்துபோய், அத்தி, நாவல், குங்கிலியம், காட்டுச் சாதிக்காய் என்று பழம் பழமாக விழுங்கி, விதைகளைத் தொண்டையில் தேக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அவளுக்கு முன்னால் மயில் பேசியது. நீலன் என்று பேர். மலை காடாக இருந்தவரை அடிவாரத்தைத் தாண்டி அது மேலே வந்ததில்லை. மரங்கள் இல்லாத வெட்டவெளி அதற்கு வசதியாக இருந்தது; ஏறி வந்துவிட்டது.

"துறைமுகத்துத் தோட்டத்துல ஒரு மரம் பாத்தேன்," என்றது நீலன். "கடல் தாண்டி வந்தது. தண்ணி ஊத்த வேண்டாம். ஆடு கடிக்காது, பூச்சி அண்டாது. ரெண்டு மழையில ஆள் உயரம். பூத்துச்சுன்னா மலை முழுக்கத் தங்கத்தை உருக்கி ஊத்தினாப்ல இருக்கும். பொன்மாரின்னு பேர் வச்சிருக்கேன். விதையும் கொண்டாந்திருக்கேன்."

கூட்டம் வாயைப் பிளந்தது. கருகிய மலையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்களுக்குத் தங்கம் என்ற சொல்லே போதுமாயிருந்தது.

கொம்பி முன்னால் வந்தாள். "பூச்சி அண்டாதுன்னா மரங்கொத்தி எதைத் திங்கும்? ஆடு கடிக்காததை மான் கடிக்குமா? அது பழுக்குமா, அதைச் சொல்லுங்க முதல்ல."

"காய்க்கும், அம்மா. அழகான காய்."

"திங்கலாமா?"

நீலன் கழுத்தை வளைத்துச் சிரித்தது. "எப்பப் பாரு திங்கிற பேச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். கொம்பி சட்டை செய்யாமல் தொண்டையிலிருந்த விதைகளைப் பாறையில் கக்கினாள். கறுப்பும் பழுப்புமாக, கோழை பூசிக்கொண்டு அவை கிடந்தன. "இந்த மலையில இருந்தது இதுதான். மறுபடியும் இருக்க வேண்டியதும் இதுதான்."

"இது வளந்து நிழல் தர்றதுக்குள்ள நாம யாரும் இருக்க மாட்டோம்," என்றது நீலன். பிறகு முழக்கன் பக்கம் திரும்பியது. "இத்தனை பெரிய சிறகு இந்த மலையில யாருக்கு இருக்கு? அஞ்சு மேட்டுக்கும் பொன்மாரியைக் கொண்டு சேர்க்க உங்களை விட்டா ஆள் இல்ல. இன்னியிலிருந்து நீங்கதான் மலைக்காவலர்."

முழக்கன் நெஞ்சை நிமிர்த்தினான். பெண்சாதி கக்கிய விதைகள் சபை நடுவே கிடப்பது அப்போதுதான் அவனுக்கு அவமானமாகப் பட்டது. "வீட்டுப் பேச்சை வீட்டுல பேசிக்கலாம்" என்று அவளிடம் முணுமுணுத்தவன், அலகால் ஒரே தள்ளாக அத்தனையையும் பாறைக்குக் கீழே தள்ளினான். அவை உருண்டு, பெருக்கெடுத்து ஓடிய ஓடைத் தண்ணீரில் விழுந்து போயின.

கொம்பிக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. ஆனால் சபையில் புருஷனை எதிர்த்து அவள் அதுவரை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

பொன்மாரி சொன்னபடியே வளர்ந்தது. அடுத்த மழைக்குள் ஐந்து மேடும் பச்சை. அதற்கடுத்த மழைக்குப் பிறகு ஐந்து மேடும் மஞ்சள். வெகுதூரத்திலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். நீலன் மரத்தடியில் தோகை விரித்து ஆடியது. முழக்கன் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மேடு மேடாகப் போய்க் காட்டினான்.

அந்த மஞ்சளுக்கு அடியில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. உதிர்ந்த இலை மக்கவில்லை. அதன் மேல் புல்லும் முளைக்கவில்லை. வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடையை உறிஞ்சின. பெருக்கெடுத்த ஓடை, பிறகு நடந்து, பிறகு தவழ்ந்தது. பூவில் தேன் இல்லை என்று தேனீக்கள் போய்விட்டன. ஒருநாள் சோலைமந்திக் கூட்டம் குட்டிகளை வயிற்றில் கட்டிக்கொண்டு மலையிறங்கியது.

"எங்கக்கா போறீங்க?" என்று கொம்பி கேட்டாள்.

"சோறு இருக்கிற இடத்துக்கு," என்றாள் மூத்த மந்தி, நிற்காமலே. "பூவைப் பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்கு வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

கொம்பியால் போக முடியவில்லை. பொந்தில் குஞ்சு பொரித்திருந்தது. முதல் குஞ்சு. ரோமமில்லாத ரோஜா நிற உடம்பு. தலையைவிடப் பெரிய வாய். அந்த வாய் எந்நேரமும் திறந்தே இருந்தது. அத்திப்பழம் வேண்டுமென்றால் அக்கரை மலைக்குத்தான் போக வேண்டும். விடியக் கிளம்பினால் திரும்ப வெயில் சாய்ந்துவிடும். புருஷனும் பெண்சாதியும் முறை வைத்துப் போனால்தான் கட்டுப்படியாகும்.

ஒருநாள் கொம்பிக்குச் சிறகு வலித்தது. "இன்னிக்கு நான் குஞ்சைப் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க," என்றாள்.

"இன்னிக்கா? பூத்திருவிழா. நான் இல்லாம எப்படி? நீ போ. நான் இங்கேயே பக்கத்துலதான இருப்பேன், குஞ்சுக்கு ஏதாவது குடுத்துக்கிறேன்."

அவள் போனாள். வலிக்கும் சிறகோடு மலை தாண்டி, தொண்டை நிறைய அத்தியோடு திரும்பி வந்தாள். பொந்து வாசலில் வந்து உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே சத்தம் இல்லை.

குஞ்சு ஒருக்களித்துக் கிடந்தது. வாய் அப்போதும் திறந்திருந்தது. தொண்டையில் மஞ்சள் நிறத்தில் ஏதோ தெரிந்தது. கொம்பி அலகை விட்டு இழுத்தாள். பொன்மாரிக் காய். இன்னொன்றும் வந்தது. அதற்கும் கீழே வயிறு கல்லாக இறுகியிருந்தது. பட்டினியில் சாகவில்லை அது. வயிறு நிறையத் தின்று செத்திருந்தது.

கொம்பி அழவில்லை. குஞ்சை அலகில் எடுத்துக்கொண்டு நேராகத் திருவிழாவுக்குப் பறந்தாள்.

நீலன் ஆடிக்கொண்டிருந்தது. வட்டமாகக் கூட்டம். கொம்பி அந்த வட்டத்தின் நடுவில் இறங்கி, மயிலின் காலடியில் குஞ்சை வைத்தாள். பக்கத்தில் அந்தக் காய்களையும் வைத்தாள்.

"அழகான காய்னு சொன்னியே," என்றாள். "தின்னுட்டு வந்திருக்கா என் மக. கேட்டுப் பாரு, எப்படி இருந்துச்சுன்னு."

தோகை மெல்ல மடங்கியது. நீலன் கூட்டத்தைப் பார்த்தது, குஞ்சைப் பார்க்கவில்லை. "வருத்தமான விஷயம்தான். யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா பாரும்மா, வெளியூர்க்காரங்கல்லாம் வந்திருக்கிற நேரத்துல..."

"வெளியூர்க்காரங்க பாக்கட்டும்! பாக்கத்தானே வந்திருக்காங்க!" கொம்பியின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. "மேலயே பாக்கறீங்களே, கீழ குனிஞ்சு பாருங்க. புல்லு எங்க? ஓடை எங்க? மந்தி எங்க போச்சு? உங்க வீட்டுக் குஞ்சு எத்தனை மிச்சம் இருக்கு? மான் வீட்டுல? அணில் வீட்டுல? சொல்லுங்களேன்!"

மானும் அணிலும் தலையைக் குனிந்துகொண்டன. எல்லார் வீட்டிலும் ஒரு சாவு இருந்தது. எல்லாரும் அதைப் பூவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த மௌனம்தான் மயிலைவிட அதிகமாக அவளைச் சுட்டது.

முழக்கன் ஓடிவந்தான். குஞ்சைக் கண்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று. "பக்கத்துலயே காய்ச்சிருந்துச்சு... பசியில கத்துச்சு, அதான்... வா கொம்பி. எல்லாரும் பாக்கறாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

அதுவரை புருஷனை அவள் 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"நீ பேசாத," என்றாள் கொம்பி. "அன்னிக்கு என் விதையைத் தண்ணியில தள்ளினியே, அதுல போச்சு உன் பேச்சு. உனக்கு வீடு இந்தப் பூதான். இங்கயே இரு."

குஞ்சைத் தூக்கிக்கொண்டு குங்கிலிய மரத்துக்குத் திரும்பினாள். வேரடியில் மண்ணைக் கிளறிப் புதைத்தாள். பிறகு ஓடைச் சேற்றை அலகு நிறைய அள்ளிக்கொண்டு பொந்துக்குள் நுழைந்தாள்.

முழக்கன் பின்னாலேயே வந்து சேர்ந்தபோது, அவள் உள்ளே இருந்தபடி வாசலைப் பூசிக்கொண்டிருந்தாள். ஓடைச் சேறு, மரத்தூள், தன் எச்சம் எல்லாவற்றையும் குழைத்து, அலகின் தட்டையால் அடித்து அடித்துப் பூசினாள். ஒவ்வொரு அடியும் அவன் முகத்தில் விழுவது போல இருந்தது.

"கொம்பி, என்ன பண்ற? வெளிய வா. நான் தப்பு பண்ணிட்டேன்."

அவள் தன் சிறகைத் திருப்பி, நீண்ட இறகு ஒன்றைக் கடித்துப் பிடுங்கினாள். இன்னொன்று. இன்னொன்று. ரத்தம் துளிர்த்தது. வாலையும் விடவில்லை. மூடாமல் இருந்த கொஞ்ச இடைவெளி வழியாக இறகுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. அவன் அலறினான்.

"இனி நான் நினைச்சாலும் வெளிய வர முடியாது," என்றாள் உள்ளிருந்து. "என் மனசு இளகிடுமோன்னுதான் பிடுங்கினேன். கேட்டுக்க. எனக்குப் பசிக்கும். பழம் கொண்டுவா."

"கொண்டாறேன், உடனே கொண்டாறேன்."

"பக்கத்துல இருக்கிறது வேண்டாம். நம்ம மலைப் பழம் வேணும். அத்தி, நாவல், குங்கிலியம், சாதிக்காய்."

"நம்ம மலையில எதுவும் இல்லையே கொம்பி..."

"இல்லாம பண்ணினது யாரு? எந்த மலையில இருக்கோ அங்க போ. சிறகு பெருசுன்னு அன்னிக்கு நெஞ்சை நிமித்தினியே, பற. பறந்து கொண்டுவா. இல்லேன்னா நான் இங்கயே காஞ்சு சாவேன். அதையும் திருவிழாவுல வச்சுக் காட்டு."

அலகு மட்டும் நுழையும் ஒரு கீறலை விட்டுவிட்டு, மிச்ச வாசலையும் மூடினாள்.

முழக்கன் பறந்தான். மலை தாண்டிப் போய்ப் பழம் கொண்டுவந்து, மரத்தைத் தட்டி, கீறலில் நீட்டினான். உள்ளிருந்து அலகு வந்தது, பழத்தைப் பிடுங்கியது, மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கீறல் வழியாகக் கொட்டை மட்டும் சீறிக்கொண்டு வந்து விழுந்தது. துப்பிய வேகத்தில் அவன் விலகிக்கொள்ள வேண்டியிருந்தது. மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். அவன் மெலிந்தான். கொம்பு மங்கியது. வழியில் அவன் தொண்டையிலிருந்து நழுவிய விதைகளும் மேட்டில் அங்கங்கே விழுந்தன.

குங்கிலியத்தின் நிழலில் ஈரம் மிச்சமிருந்தது. கொம்பி கோபத்தோடு துப்பியது ஒவ்வொன்றும் அங்கே முளைத்தது.

நீலன் அதைக் கேள்விப்பட்டு வந்தது. "மஞ்சள் நடுவுல இது என்ன களை? பார்வைக்கே நல்லா இல்ல. காவலரே, பிடுங்கிப் போடுங்க."

முழக்கன் பாறையிலிருந்து இறங்கி வந்து கன்றுகளுக்கு முன்னால் நின்றான். "காவலர் வேலையை நீரே வச்சுக்கும்," என்றான். "இதுல ஒண்ணைத் தொட்டீர்னா, உமக்குத் தோகை இருக்காது." அலகை அகலத் திறந்து காட்டினான். நீலன் வந்த வேகத்தைவிட வேகமாக இறங்கிப் போனது. அன்று போனது அடிவாரத்தோடு நின்றுவிட்டது.

உள்ளே கொம்பிக்கு அதெல்லாம் கேட்டது. அடுத்த கொட்டையைக் கொஞ்சம் மெதுவாகத் துப்பினாள், அவ்வளவுதான்.

பொந்துக்குள் முன்பே வயிற்றிலிருந்த முட்டையை இட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்தாள். இப்போது கீறலில் இரண்டு அலகு நீண்டது. முழக்கன் இரண்டு மடங்கு பறந்தான். அத்திக் கன்று பாறையைப் பிடித்து ஏறியது. நாவல் இலை விட்டது. இலையில் புழு வந்தது, புழுவைத் தேடி ஒரு சிறு குருவி வந்தது. பிடுங்கிய இடத்தில் கொம்பிக்குப் புது இறகும் முளைத்துவிட்டது.

ஒரு காலையில் அவள் வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முழக்கன் எதிர்க்கிளையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொம்பி கீழே கன்றுகளைப் பார்த்தாள். பிறகு ஐந்து மேட்டிலும் இன்னும் மஞ்சளாகக் கிடந்த பொன்மாரியைப் பார்த்தாள்.

"கோபம் தீந்துச்சா?" என்று அவன் கேட்டான்.

"அங்க பாரு," என்றாள் மஞ்சள் மேடுகளைக் காட்டி. "அது தீரட்டும். அப்புறம் கேளு."

அடுத்த கூடுகாலம் வந்ததும் முழக்கன் கெஞ்சக் கெஞ்ச அவள் மறுபடி பொந்துக்குள் போய், மறுபடி இறகை உதிர்த்து, வாசலைப் பூசினாள். அவள் மகளும் அப்படியே செய்தாள். மகளின் மகளும்.

அன்று தொட்டுத்தான் இருவாச்சிப் பெண் ஒவ்வொரு கூடுகாலத்திலும் தன்னைத் தானே மரத்துக்குள் வைத்துப் பூசிக்கொள்கிறாள்; ஆண் எத்தனை மலை தாண்டிப் பழம் கொண்டுவந்தாலும் கீறல் வழியாகத்தான் வாங்குகிறாள், கொட்டையை அவன் காலடியிலேயே துப்புகிறாள். இருவாச்சி இருக்கும் மரத்தடியில் போய்ப் பாருங்கள், காட்டுக் கன்றுகள் முளைத்து நிற்கும். அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.