கரிச்சான் கட்டிய மலைப்பேச்சு

வெள்ளைப் பாறைக்கு எதிரே விலங்குகள் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன. அன்று சாயங்காலம் ‘மலைமாமா’ படம்.

அந்தக் காட்டில் படம் என்றால் நிழல்படம்தான். மலையடிவாரத்துப் பள்ளத்தில் சுவர் போல நிமிர்ந்து நிற்கும் பாறை அது. மேற்கே இறங்கும் வெயில் நேராக அதன்மேல் விழும். வெயிலுக்கு முன்னால் மந்தி நின்று ஆடும். தலையில் இரண்டு வளைந்த குச்சிகளைச் செருகிக்கொண்டால் வரையாடு. முதுகில் ஈச்ச ஓலையைக் கட்டிக்கொண்டால் முள்ளம்பன்றி. மந்திக்கு நடிப்பு வரும், பேச்சு வராது. பேச்சு முழுவதும் புதருக்குள் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் குருவியுடையது.

கரிச்சான் பேசாத குரல் கிடையாது. நரியாகப் பேசினால் கோழிகள் ஒளியும். தவளையாகப் பேசினால் தவளைகளே பதில் சொல்லும். ஆனால் அதற்குப் பெரிய பேர் வாங்கித் தந்தது மலைப்பேச்சுதான். மலை உச்சியில் வாழும் வரையாடுகள் ஒவ்வொரு பேச்சையும் இழுத்து, அதன் வாலை மூன்று தரம் சொல்லும் என்று கரிச்சான் பேசிக் காட்டியது.

“நான் வந்துட்டேன்… டேன்… டேன்!”

பள்ளமே உருண்டு சிரிக்கும். முயல் குட்டிகள் வீட்டிலும் அப்படியே பேசி அடி வாங்கும்.

“என்ன அசல், என்ன அசல்!” என்பார் முள்ளம்பன்றி மூக்கையா. ஒரு படம் விடாமல் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவர் அவர். “அப்படியே மலையில் போய் நின்ற மாதிரி இருக்கிறது” என்றும் சொல்வார். அவர் மலைக்குப் போனதில்லை. பள்ளத்தில் யாருமே போனதில்லை. வரையாடுகளும் இறங்கி வந்ததில்லை.

அன்று எல்லோரும் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாறையை ஒட்டி ஓடும் ஓடையில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. முந்தின வாரம் அத்தனை மழை பெய்தும் ஓடை ஏன் வற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. “நல்லதாய்ப் போயிற்று, உட்கார இடம் கிடைத்தது” என்று ஓடை மணலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

படம் பாதி நடந்திருக்கும். பாறையில் மலைமாமா என்ற வரையாட்டின் நிழலுக்குப் பக்கத்தில் திடீரென்று இன்னொரு நிழல் விழுந்தது. அதற்கும் கொம்பு இருந்தது.

“அடடே, மலைமாமாவின் தங்கச்சி!” என்று யாரோ கத்த, ஒரே கைதட்டல்.

மந்தி ஆடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அதன் பின்னால் நிஜமான வரையாடு ஒன்று நின்றது. முழங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தன. மூச்சு வாங்கியது.

“பேரு மாதி. மேல இருந்து வாரேன். ஓடைய விடுங்க. மேட்டுக்குப் போங்க. இப்பவே” என்றது.

வெட்டி வெட்டிப் பேசியது அது. காற்று ஓயாத உச்சியில் நீளமாகப் பேசினால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் வரையாடுகள் அப்படித்தான் பேசும்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பள்ளத்தின் மூத்தவளான கடமான் வடிவக்கா மட்டும், “என்ன நடந்தது, அம்மா?” என்று கேட்டாள்.

“மண் சரிஞ்சுது. ஓடைய அடைச்சுது. தண்ணி குளமா நிக்குது. கரையில கீறல். இன்னிக்குத் தாங்காது.”

வடிவக்கா எழுந்தாள். அதற்குள் மூக்கையா முட்களைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“பொறு அக்கா. இவள் பேச்சு சரியில்லை.”

“பேச்சு என்ன?”

“மலைக்காரர்கள் இழுத்துப் பேசுவார்கள். வாலை மூன்று தரம் சொல்வார்கள். எத்தனை படம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? இவள் விறகு வெட்டுகிற மாதிரி பேசுகிறாள். கொம்பும் மலைமாமாவுக்கு இருப்பதில் பாதிகூட இல்லை.”

“பொண்ணுக்கு இவ்வளவுதான் கொம்பு” என்றது மாதி.

“கேட்டீர்களா? இது ஊராடு! கோரைப்புல்லுக்கு ஆசைப்பட்டு மந்தையிலிருந்து வந்திருக்கிறது. நாம் மேட்டுக்கு ஓடியதும் பின்னாலேயே நூறு ஆடு வந்து பள்ளத்தை மொட்டையடித்துவிடும்.”

கூட்டம் முணுமுணுத்தது. போன கோடையில் ஊராடுகள் புல்லை மேய்ந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. “ஆமாம், மலைப்பேச்சு இப்படி இருக்காதே” என்றது ஒரு பெண்மயில். “மலைமாமா இப்படியா பேசுவார்?” என்றது ஒரு முயல். எழுந்த வடிவக்காவும் தயங்கி நின்றாள்.

புதருக்குள் இருந்த கரிச்சான் எல்லாவற்றையும் கேட்டது. அது பறந்து வந்து பாறை விளிம்பில் உட்கார்ந்தது.

“எல்லோரும் கேளுங்கள். நான் மலைக்குப் போனதே இல்லை. அடிவாரத்தில் உட்கார்ந்து மேலேயிருந்து காதில் விழுந்ததை வைத்து மலைப்பேச்சைக் கட்டினேன். அது சரியா தப்பா, எனக்கே தெரியாது. இவளை நம்புங்கள். எழுந்திருங்கள்.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“இதுவும் படத்தில் வருகிறதா? பிரமாதம்” என்றார் மூக்கையா. “தம்பி, அடக்கம் வேண்டியதுதான். அதற்காக உன் மலைப்பேச்சு பொய் என்று நீயே சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்வோமா? எங்களுக்குக் காது இல்லையா?”

மலைப்பக்கம் லேசாக ஒரு உறுமல் கேட்டது. இடி என்று நினைத்து ஒருவரும் திரும்பவில்லை. மாதியின் காது மட்டும் விறைத்தது.

“கீறல் பெருசாகுது” என்றது.

கரிச்சான் பறந்து போய் அதன் கொம்பில் உட்கார்ந்தது. “அம்மா, உன் வாயால் சொன்னால் இவர்கள் நம்பமாட்டார்கள். என் பேச்சில் ஒரு தரம் சொல்லிவிடு. இழுத்துச் சொல். வாலை மூன்று தரம் சொல்.”

மாதி பாறையைப் பார்த்தது. “தினம் சாயங்காலம் உச்சியில நின்னு இந்தப் பாறையப் பார்ப்போம். நிழல் தெரியும். சத்தம் எட்டாது. எங்களத்தான் ஆடுறாங்கன்னு பிள்ளைங்க குதிக்கும். சிரிக்கத்தான் ஆடுறீங்களா?”

கரிச்சான் சிறகை ஒடுக்கிக்கொண்டது.

“அப்படி எங்கள்ல ஒருத்தரும் பேசமாட்டாங்க” என்றது மாதி.

“தெரியும். இப்போது தெரிகிறது.”

ஓடை மணலில் முயல் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. மாதி அவற்றைப் பார்த்தது. ஒரு மூச்சு இழுத்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தியது.

“வெள்ளம் வருதூ… ருதூ… ருதூ! மேட்டுக்கு ஓடுங்கோ… டுங்கோ… டுங்கோ!”

மூக்கையா துள்ளி எழுந்தார். “ஐயையோ, அசல் மலைக்காரி! ஓடுங்கள்!”

பன்றி ஓடியது, மயில் பறந்தது. வடிவக்கா பின்னால் நின்று ஒருவர் விடாமல் விரட்டினாள். மந்தி இரண்டு கையிலும் முயல் குட்டிகளை அள்ளிக்கொண்டது. மீதிக் குட்டிகளை மாதி மூக்கால் தள்ளித் தள்ளி மேட்டில் ஏற்றியது. கடைசியாக ஏறியவர் மூக்கையா. முட்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவது லேசான காரியமில்லை. வடிவக்கா பின்னாலிருந்து முட்டினாள். மூக்கில் நாலு முள் குத்தியும் விடவில்லை.

அவர் கால் மேட்டில் படவும் மலை அதிரவும் சரியாக இருந்தது. சேறும் மரமும் கல்லுமாகத் தண்ணீர் ஓடையில் இறங்கியது. முன்வரிசை, பின்வரிசை எல்லாம் வெள்ளத்துக்கு ஒரே வாய். வெள்ளைப் பாறையின் இடுப்பு வரை செந்நிறமாக ஏறி, சுழன்று, தாழ்ந்தது.

மேட்டில் நின்றவர்களை வடிவக்கா எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

“எல்லோரும் இருக்கிறோம்” என்றாள்.

அப்போதுதான் பள்ளத்து ஜனம் மூச்சு விட்டது. முயல் தாய் தன் குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டே அழுதாள். மந்தி தலையில் இன்னமும் குச்சிக் கொம்புகள் இருந்தன. அதைப் பார்த்து ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பில் மாதியும் சேர்ந்துகொண்டது.

“போறேன். பிள்ளைங்க தேடும்” என்று சொல்லிவிட்டு அது பாறைக்குப் பாறை தாவி ஏறியது. பாதி உயரத்தில் நின்று திரும்பி, கீழே பார்த்துக் கூவியது.

“வாரேன்!”

கீழே வந்து சேரும்போது அது “வாரேன்… ரேன்… ரேன்…” என்று கேட்டது.

மூக்கையா முழங்கையால் வடிவக்காவை இடித்தார். “கேட்டாயா அக்கா? நான் சொன்னேனே. இப்போதுதான் ஒழுங்காகப் பேசுகிறாள்.”

“ஐயா, அவள் ஒரு தரம்தான் சொன்னாள்” என்றது கரிச்சான். அதன் குரல் மிகச் சன்னமாக இருந்தது. “மற்ற இரண்டும் பாறை சொன்னது. அடிவாரத்தில் உட்கார்ந்து நான் இத்தனை நாள் பாறையின் பேச்சைத்தான் படித்திருக்கிறேன்.”

மூக்கையா கலைந்திருந்த முட்களை ஒவ்வொன்றாகத் தடவி நேராக்கிக்கொண்டார்.

மறுநாளே கரிச்சான் மலைக்குப் பறந்து போயிற்று. ஒரு மாதம் அங்கேயே தங்கியது. காற்றில் நின்று பேசக் கற்றுக்கொண்டது. திரும்பி வந்தபோது ஓடை தெளிந்திருந்தது. எல்லோரும் மேட்டில் உட்கார்ந்து புதுப் படம் பார்த்தார்கள். மலையிலிருந்து ஓடி வந்து பள்ளத்தைக் காப்பாற்றிய ஒருத்தியின் கதை அது. மாதியும் தன் இரண்டு குட்டிகளோடு வந்திருந்தது.

“பேரு மாதி. மேல இருந்து வாரேன்” என்றது பாறையில் விழுந்த நிழல்.

பின்வரிசையில் இளம் பன்றி ஒன்று முனகியது. “என்னங்க இது? மலைப்பேச்சு மாதிரியே இல்லையே.”

முன்வரிசையிலிருந்து மூக்கையா திரும்பினார். “தம்பி, மாதியம்மா அதோ உட்கார்ந்திருக்கிறாள். அவளிடமே கேட்டுவிட்டு வந்து சொல்.”

இளம் பன்றி எழுந்து போய்க் கேட்டது.

“சரியாத்தான் பேசுது. கொம்பு மட்டும் பெருசு” என்றது மாதி.

மந்தி உடனே குச்சிகளை உடைத்துச் சிறிதாக்கிக்கொண்டது. படம் தொடர்ந்தது.

ஒருவர் பேசும் விதம் நாம் கேட்டுப் பழகியது போல இல்லை என்பதற்காக அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடக் கூடாது. அவர் சொல்ல வந்ததை முதலில் கேட்க வேண்டும்.